குற்றவாளி கருவியன்று

“கீபோர்ட் வந்தது, சங்கீதம் செத்தது.” கண்டி மாநகரத்துத் திருமண மண்டபங்களிலே, விருந்துண்ட பின்னர் நம்மவர் பாடும் பல்லவி இது. இதற்குத் தலையாட்ட என்னால் இயலாது.

அந்நியக் கருவி என்பது முதற் குற்றச்சாட்டு. வயலினும் ஹார்மோனியமும் ஐரோப்பாவிலிருந்து வந்தவையே. ஹார்மோனியத்தை 1940இல் தடைசெய்த அகில இந்திய வானொலி, 1971இல் அத்தடையைத் தளர்த்தியது. இடைப்பட்ட 31 ஆண்டுகளில் நம் நாடக மேடையையும் பஜனை மடத்தையும் விட்டு ஹார்மோனியம் ஓடிவிட்டதா?

உயிரற்ற யந்திரம் என்பது அடுத்தது. 1981இல் யப்பானின் ரோலண்ட் நிறுவனம் வெளியிட்ட ஜூபிட்டர்-8 என்னும் அனலாக் சிந்தசைசரைப் பாருங்கள். 1970இல் வந்த மினிமூக், ஒரு நேரத்தில் ஒரு சுரத்தையே ஒலிக்கும். ஜூபிட்டரோ எட்டுச் சுரங்களை ஒருங்கே எழுப்பும். சுரமொன்றுக்கு இரண்டாக 16 அலையியற்றிகள் அதனுள் உண்டு. ஒலியின் கூர்மை, நாதம் எழுந்து அடங்கும் வேகம், சுரம் விட்டுச் சுரம் வழுக்கும் நேரம் ஆகியவற்றை முகப்பிலுள்ள தள்ளுகோல்களையும் குமிழ்களையும் கொண்டு வாசிப்பவரே அமைக்கலாம். வெப்பம் மாறினால் இத்தகைய கருவிகளின் சுருதி விலகும். அதனைச் சீராக்க ஜூபிட்டரில் தனிப் பொத்தானே இருந்தது. கண்டியைச் சூழ்ந்த தோட்டங்களிலே தப்பைத் தீயில் காய்ச்சிப் பதம் பார்க்கும் கலைஞருக்கு இது புதுமையன்று.

மும்பைத் திரையிசைக் கலைஞர் சரண்ஜித் சிங், 1982இல் இந்த ஜூபிட்டரையும் ரோலண்டின் தாள யந்திரத்தையும் கொண்டு பத்து இராகங்களை இசைத்தட்டாக்கினார். அன்று அதனைச் சீந்துவாரில்லை. 2010இல் அது மறுபதிப்பான பின்னர், சிக்காகோவின் ‘அசிட் ஹவுஸ்’ இசைக்கு முன்னோடி என மேலைநாட்டார் கொண்டாடினர். அந்நியக் கருவியைப் பழிக்கும் நமக்கு, அந்நியர் சொன்ன பின்னரே காது திறக்கிறது!

அப்படியாயின் குற்றவாளி யார்? இன்றைய கீபோர்ட்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் தாளமும் பக்கவாத்தியமும் தாமே ஓடும். அதனைச் சாக்காக்கி, தபேலாக்காரருக்கும் வயலின்காரருக்கும் சேரவேண்டிய பணத்தை மிச்சம் பிடிப்பது யந்திரமா, மண்டபத்துக்குப் பணம் கட்டும் நாமா? எசல பெரஹராவின் மேளங்களை யந்திரத்திடம் ஒப்படைக்கக் கண்டிச் சிங்களவர் சம்மதிப்பரா? நாமோ சோடனைக்கு வாரியிறைத்துவிட்டு, வாசிப்பவரிடம் பேரம் பேசுகிறோம்.

அடுத்த கல்யாணத்துக்கு மண்டபம் பதிவு செய்யும்போது, மிருதங்கக்காரர் ஒருவருக்கும் முற்பணம் கொடுங்கள். அதன்பிறகு கீபோர்ட்டைத் திட்டலாம்.