முகத்துக்கு ஏற்ற கத்தி

மீசை அரும்பும் பருவத்துப் பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லும் தொழில் நம்முடையது. அவர்கள் நம்மிடம் கேட்கும் கேள்விகளில் பாடத்தைச் சார்ந்தவை சில; சாராதவை பல. தகப்பனாரிடம் கேட்கக் கூச்சப்பட்டு வாத்தியாரிடம் கேட்கப்படும் கேள்விகளுள் ஒன்று, "முகச்சவரத்துக்கு எந்தக் கத்தி வாங்கலாம், ஸார்?" என்பது. அற்ப விஷயம் என்று சிலர் நகைக்கலாம். ஆனால் பதினெட்டு வயதில் தொடங்கி எழுபது வயது வரையில், ஒருநாள் விட்டு ஒருநாள் என்று கொண்டாலும், ஒன்பதாயிரம் தடவைக்கு மேல் ஒருவனுடைய கழுத்தருகே போய் வரும் ஆயுதம் அது. புடவை எடுக்க ஜவுளிக்கடையில் அரைநாள் உட்காரும் நம் குடும்பங்கள், இந்தக் கத்தியை வாங்க அரை நிமிஷமும் செலவிடுவதில்லை. கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததே கத்தி; விளம்பரத்தில் வந்ததே வேதம்.

நம் பாட்டனார் காலத்தில் இந்தத் தொல்லை இருக்கவில்லை. வேப்பமரத்தடிக்கு நாவிதர் அடைப்பத்துடன் வந்து சேருவார். கிண்ணியில் தண்ணீர், தோல்வாரில் தீட்டிய நீண்ட கத்தி, முடிவில் ஒரு படிகாரக்கட்டி, அவ்வளவே. செவ்வாயும் வெள்ளியும் ஆகாது என்ற விதி ஒன்று உண்டு. அவருடைய கை தேர்ந்த கை. மருத்துவர் என்று அவர் வகுப்பாருக்குப் பெயர் வந்ததே, ஊருக்கு வைத்தியமும் அவர்கள் பார்த்து வந்ததனால்தான். அந்தக் கை நமக்கு வாய்க்காது. ஆகவேதான், தேராத கைக்கும் பயன்படும்படி ஒரு கத்தி தேவையாயிற்று.

அதைச் செய்து ஊருலகமெல்லாம் பரப்பியவர் அமெரிக்கரான கிங் காம்ப் ஜில்லெட். புட்டிமூடி செய்யும் கம்பெனி ஒன்றில் விற்பனையாளராக இருந்தவர் அவர். புட்டிமூடியைப் போலவே, பயன்படுத்தியபின் எறிந்துவிட்டு மறுபடியும் வாங்கும் பொருள் ஒன்றை உண்டாக்கவேண்டும் என்பது அவர் எண்ணம். மெல்லிய எஃகுத் தகட்டைக் கூராக்கும் வழியை வில்லியம் நிக்கர்ஸன் என்ற பொறியியலார் கண்டு கொடுத்தார். 1901-ல் கம்பெனி தொடங்கியது. 1903-ல் விற்பனையானவை 51 கத்திகளும் 168 பிளேடுகளுமே. மறு வருஷமே விற்பனை 90,000 கத்திகளைத் தாண்டிற்று. முதல் உலக யுத்தத்தில் அமெரிக்க அரசாங்கம் தன் சிப்பாய்களுக்காக 35 லட்சம் கத்திகள் வாங்கியது. யுத்தம் முடிந்து வீடு திரும்பியவர்கள் பழக்கத்தையும் உடன் கொண்டு போனார்கள்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. ஜில்லெட்டின் முதல் காப்புரிமைகள் 1921-ல் காலாவதியாயின. பிறகு எவரும் அக்கத்தியைச் செய்யலாம். எவரும் அந்தப் பிளேடை அடிக்கலாம் என்றாயிற்று. நடுவில் நீண்ட துளையும் இரு பக்கம் கூரும் உடைய இன்றைய பிளேடு 1930 வாக்கில் உருப்பெற்றது. அன்றுமுதல் அதன் அளவு மாறவில்லை. கல்கத்தாவில் மல்ஹோத்ரா குடும்பத்தார் கம்பெனி வெளியிட்ட டோபாஸும் பனாமாவும் சீமைக் கத்தியில் பொருந்தின. சீமைப் பிளேடு நம் நாட்டுக் கத்தியில் பொருந்தும். கத்தி ஒருவரிடம், பிளேடு வேறொருவரிடம் என்று வாங்கும் சுதந்திரம் அன்றே கிடைத்துவிட்டது. கிடைத்த சுதந்திரத்தை விலை கொடுத்து இழப்பது எப்படி என்பதுதான் பிற்பாட்டுக் கதை.

1971-ல் இரண்டு பிளேடுகள் கோத்த கார்ட்ரிட்ஜ் வந்தது. 1998-ல் மூன்று, 2006-ல் ஐந்து. ஒவ்வொரு கம்பெனியின் கார்ட்ரிட்ஜும் அதனதன் கைப்பிடிக்கு மட்டுமே பொருந்தும். கைப்பிடியை மலிவாகப் பெற்றவன் ஆயுள் முழுவதும் அந்த ஒரு கடைக்கே சந்தா கட்டுகிறான். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருநாள் விட்டு ஒருநாள் சவரம் செய்பவனுக்கு வருஷத்தில் 182 சவரம். சாதாரணப் பிளேடு ஐந்து சவரத்துக்கு வரும், விலை ஐந்து ரூபாய் என்றே வைத்துக்கொண்டாலும், வருஷச் செலவு 180 ரூபாய்க்கு அருகில். கார்ட்ரிட்ஜ் பதினைந்து சவரத்துக்கு வரும், விலை நூறே ரூபாய் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், 1,200 ரூபாய். விலை உயர்ந்த ரகங்கள் நூறு ரூபாயை வெகுவாகத் தாண்டும். சுருட்டை மயிர் உடையவர்களுக்கு வேறு சங்கடமும் உண்டு. பல பிளேடுகள் அடுத்தடுத்து இழுக்கும்போது மயிர் தோலின் மட்டத்துக்குக் கீழே அறுபட்டு, மறுபடி வளரும்போது உள்ளுக்குள்ளேயே வளைந்து பருக்களை உண்டாக்கும்.

நம் நாட்டாரை அந்தக் கம்பெனி அறிந்துகொண்ட விதம் சுவையானது. 2002-ல் இந்தியாவுக்கென்று ஒரு கத்தியை அது வெளியிட்டது. அமெரிக்காவில் மாஸாசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் படித்துவந்த இந்திய மாணவர்களிடம் கொடுத்துப் பரீட்சை செய்தார்கள். நன்று என்று சொல்லிவிட்டார்கள் மாணவர்கள். இங்கு வந்த பிறகுதான் கத்தியில் மயிர் அடைத்துக்கொண்டது. காரணம் யாதெனில், அந்த மாணவர்கள் குழாயில் ஓடும் தண்ணீரில் கத்தியைக் கழுவினார்கள். இங்குள்ளவர்களோ ஒரு குவளைத் தண்ணீரை வைத்துக்கொண்டு காரியத்தை முடிப்பவர்கள். பிறகு இங்கேயே வந்து, வீடு வீடாக உட்கார்ந்து பார்த்து, 2010-ல் ஒற்றைப் பிளேடுடன், எளிதில் கழுவக்கூடிய கத்தி ஒன்றைச் செய்தார்கள். அன்றைய விலை கத்திக்கு 15 ரூபாய், மாற்றுக் கார்ட்ரிட்ஜுக்கு 5 ரூபாய். ஒற்றைப் பிளேடே போதும் என்பதை அவர்களே ஒப்புக்கொண்டது போலாயிற்று.

ஆகவே நம் யோசனை, இரட்டைக் கூர்ப் பிளேடு போடும் உலோகக் கத்தியே. அதை வாங்கும்போது பார்க்கவேண்டியவை மூன்று.

முதலாவது, வாய். பிளேடின் கீழே மொழுக்கென்ற தடுப்பு விளிம்பு உடைய கத்தி ஒன்று. சீப்பைப்போல் பல்லுடைய கத்தி மற்றொன்று. பல்லுடையது நான்கு நாள் தாடியையும் வாரி எடுக்கும். ஆனால் பழகிய கை வேண்டும். புதியவர்களுக்கு மொழுக்கு விளிம்பே தக்கது. பிளேடின் கூர் வெளியே துருத்திக்கொண்டு நிற்பதாகவும் இருக்கக்கூடாது. இரு பக்கமும் ஒரே அளவாகத் தெரியவேண்டும்.

இரண்டாவது, அமைப்பு. மூடி, அடித்தட்டு, கைப்பிடி என்று மூன்றாகக் கழலும் கத்தி உண்டு. கைப்பிடியின் அடியைத் திருகினால் கதவு போலத் திறப்பதும் உண்டு. பின்னது பார்வைக்கு விநோதம். ஆனால் சோப்பும் உப்பும் அதன் மூட்டுகளில் படிந்து இறுகிவிடும். மூன்றாகக் கழல்வதில் கெட்டுப்போகச் சமாசாரமே இல்லை.

மூன்றாவது, உலோகம். கடையில் பளபளப்பவை பெரும்பாலும் துத்தநாகக் கலவையில் வார்த்து, மேலே குரோமியம் பூசியவை. நாம் வசிக்கும் திருவாதவூர் மாணிக்கவாசகர் அவதரித்த தலம். அவர்பொருட்டு நரிகள் பரிகளாகி வந்து, அன்றிரவே மறுபடியும் நரிகளான கதையை இங்குக் குழந்தையும் சொல்லும். மலிவுக் கத்தியின் கதையும் அதுவே. பூச்சு எங்கேனும் கீறிவிட்டால், நம் பக்கத்து உப்புத் தண்ணீரில் உள்ளிருக்கும் உலோகம் குழிவிழுந்து அரித்துப்போகும். பித்தளையில் செய்து பூச்சிட்டதோ, துருப்பிடிக்காத எஃகில் செய்ததோ வாங்க முடிந்தால், அது பேரனுக்கும் உதவும். முடியாதவர்கள் மலிவுக் கத்தியையே வாங்கி, ஒவ்வொரு முறையும் கழற்றிக் கழுவித் துடைத்து வைத்தால், அதுவும் பல வருஷம் உழைக்கும்.

இனி உபயோகம். உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. சவரத்துக்கு மட்டுமேனும் ஒரு குவளை நல்ல தண்ணீர் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வெதுவெதுப்பான நீரில் இரண்டு மூன்று நிமிஷம் முகம் ஊறினால் மயிர் மென்மையாகும். கத்தியைத் தோலுக்குச் சுமார் 30 பாகை சாய்வில் பிடித்து, மயிர் வளரும் திசையிலேயே சிறு சிறு இழுப்பாக இழுக்க வேண்டும். அழுத்தவே கூடாது, கத்தியின் கனமே போதும். கார்ட்ரிட்ஜில் அழுத்திப் பழகியவர்களுக்குத்தான் முதலில் இரத்தம் வருகிறது.

தாய்மார்களுக்குத் தனியாக இரண்டு வார்த்தை. தகப்பனாரின் பிளேடைப் பிள்ளையும், அண்ணனுடையதைத் தம்பியும் உபயோகிக்க விடாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத அளவு இரத்தத்திலும் மஞ்சள் காமாலையை உண்டாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமி இருக்கலாம். உடலுக்கு வெளியே ஏழு நாட்கள் வரையிலும் அது சாகாமல் இருக்கும். வீட்டில் தேய்ந்த பிளேடு பள்ளிக்கூடத்தில் பென்சில் சீவும் கருவியாக வந்து சேருவதையும் நாம் பார்த்திருக்கிறோம். அதையும் நிறுத்துங்கள். பழைய தகர டப்பாவின் மூடியில் ஒரு கீறல் போட்டு, தேய்ந்த பிளேடுகளை அதனுள் இட்டு, நிறைந்தபின் மூடியை ஒட்டி, மேலே எழுதிக் கொடுங்கள். வெறும் பிளேடைக் குப்பையில் எறிந்தால், அதைக் கையால் பிரிக்கும் தூய்மைப் பணியாளரின் விரல்தான் அறுபடும். நம் முகம் பத்திரமாக இருப்பதற்கு அவர் கை பலியாக வேண்டுமா?

நிற்க. இவ்வளவும் சொன்னதனால் சலூனுக்கே போகவேண்டாம் என்பது நம் கருத்தன்று. முகத்தைத் தானே மழித்துக்கொள்ளலாம். பிடரியைத் தானே வெட்டிக்கொள்ள இயலுமா? முயன்று பார்த்தவர் ஒருவர் உண்டு. தென்னாப்பிரிக்காவில் பிரிட்டோரியா நகரத்து வெள்ளைக்கார நாவிதர் ஒருவர் காந்தியடிகளுக்கு முடி வெட்ட மறுத்துவிட்டார். காந்தியடிகள் கத்திரி வாங்கிக் கண்ணாடி முன் நின்று தாமே வெட்டிக்கொண்டார். முன்பக்கம் ஒருவாறு அமைந்தது; பின்பக்கம் பாழாயிற்று. நீதிமன்றத்தில் நண்பர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆனால் அவர் அந்த நாவிதர்மேல் கோபங்கொள்ளவில்லை. நம் நாட்டு நாவிதர் தாழ்த்தப்பட்டோருக்குத் தொழில் செய்ய நாமே விடுவதில்லையே, அதன் கூலியல்லவா இது என்று நினைத்துக்கொண்டார்.

1950-ல் அரசியல் சட்டத்தின் 17-வது விதி தீண்டாமையை ஒழித்தது. 1955-ன் சட்டம் இத்தகைய மறுப்பைத் தண்டனைக்குரிய குற்றமாக்கிற்று. ஆயினும் தமிழ்நாட்டுக் கிராமங்கள் சிலவற்றில் முடி வெட்ட மறுக்கிறார்கள் என்ற செய்தியை இன்றும் பத்திரிகைகளில் படிக்கிறோம். பல இடங்களில் மறுப்பவர் கத்தி பிடித்தவர் அல்லர். அவரை மறுக்கச் செய்யும் ஊர்ப் பெரியதனமே குற்றவாளி. தன் கத்தியைத் தான் வைத்திருப்பது ஒருவனுக்குச் சௌகரியம். "உன்னிடந்தான் கத்தி இருக்கிறதே, கடைக்கு ஏன் வருகிறாய்?" என்று கேட்க மற்றொருவனுக்கு அது உரிமையாகாது. பிள்ளைக்கு முதல் கத்தி வாங்கிக் கொடுக்கும் தகப்பனார்கள், அதைப் பிடிக்கும் விதத்தோடு இதையும் சேர்த்தே சொல்லிக் கொடுக்கட்டும்.