முகத்தை மறைத்த இசைத்தட்டு

பாட்டுக்கு நிறம் உண்டா? கிடையாது. ஆனால், பாடுகிறவரின் நிறத்தைப் பார்த்துத்தான் பாட்டைக் கேட்பார்கள் என்று அமெரிக்காவில் பாட்டு வியாபாரிகள் நம்பிய காலம் ஒன்று இருந்தது. அந்தக் காலத்தில் கறுப்பராகப் பிறந்து, வெள்ளையருக்கே உரியது என்று சொல்லப்பட்ட பாட்டைப் பாடி, புகழின் உச்சியை எட்டியவர் சார்லி பிரைட்.

அமெரிக்காவின் தென்பகுதிக் கிராமங்களில் கிட்டாரும் பிடிலும் வைத்துக்கொண்டு பாடி வளர்ந்த பாட்டுக்கு ‘கண்ட்ரி’ என்று பெயர். காதல், பிரிவு, வறுமை, சொந்த ஊர் நினைவு இவையே அதன் பொருள்.

பருத்திக் காட்டுப் பிள்ளை

1934-ம் ஆண்டு, மிஸிஸிப்பி மாகாணத்தில் ஸ்லெட்ஜ் என்ற சிற்றூரில் பிரைட் பிறந்தார். தகப்பனார் வாரத்துக்கு நிலம் உழுத ஏழைக் குடியானவர். பிள்ளைகள் 11 பேர். பருத்தி எடுத்தால்தான் சாப்பாடு.

அந்த வீட்டில் ஒரு ரேடியோ இருந்தது. நாஷ்வில் நகரத்திலிருந்து ஒலிபரப்பான ‘கிராண்ட் ஓல் ஓப்ரி’ என்ற கண்ட்ரி நிகழ்ச்சியைத் தகப்பனார் விரும்பிக் கேட்பார். பையனும் கேட்டான். 14 வயதில் கிட்டார் கைக்கு வந்தது. தானே வாசிக்கக் கற்றுக்கொண்டான்.

முதலில் பிரைட் ஆசைப்பட்டது பேஸ்பால் பந்தாட்டத்துக்கு. கறுப்பர்களின் குழுக்களில் ஆடினார். பெரிய குழுக்களில் இடம் கிடைக்கவில்லை. மான்டானா மாகாணத்தில் உலோகம் உருக்கும் ஆலையில் கூலி வேலைக்குப் போனார். பகலில் உலைக்களம்; இரவில் பாட்டு!

படம் போடாத தந்திரம்

1966-ல் ஆர்.சி.ஏ. கம்பெனி அவருடைய முதல் இசைத்தட்டை வெளியிட்டது. வானொலி நிலையங்களுக்குத் தட்டு போயிற்று. பாடியவரின் படம் மட்டும் போகவில்லை. கேட்டவர்கள் வெள்ளைக்காரர் பாட்டு என்றே நினைத்தார்கள்.

டெட்ராய்ட் நகரில் பெரிய கச்சேரி. பெயரைச் சொன்னதும் கரகோஷம் எழுந்தது. பிரைட் மேடைக்கு வந்ததும் கரகோஷம் அடங்கிவிட்டது. அவர் கலங்கவில்லை. தம் நிறத்தைத் தாமே வேடிக்கையாகச் சொல்லிச் சிரித்துவிட்டுப் பாடத் தொடங்கினார். சபை அவர் வசமாயிற்று.

பிறகு நடந்தது என்ன? கண்ட்ரி பாட்டு வரிசையில் அவருடைய 29 பாட்டுக்கள் முதலிடம் பிடித்தன. 1971-ல் அந்த இசைத்துறையின் தலைசிறந்த கலைஞர் என்ற பரிசு கிடைத்தது. 2020 டிசம்பரில், 86-வது வயதில், கொரோனா நோயால் காலமானார்.

யார் மீது குற்றம்?

படத்தை மறைத்ததைக் கெட்டிக்காரத்தனம் என்று சிலர் மெச்சுவார்கள். நம்மால் மெச்ச முடியவில்லை. டெட்ராய்ட் ஜனங்கள் திகைத்தது சில நிமிஷம். பிறகு பாட்டை ரசித்தார்கள். அப்படியானால், அதிகம் பயந்தவர்கள் கேட்ட ஜனங்கள் அல்ல, விற்ற வியாபாரிகள்தான்!

‘திறமை இருந்தால் கதவு தானே திறக்கும்’ என்பார்கள். டீஃபோர்ட் பெய்லியின் கதையைக் கேட்டால் அப்படிச் சொல்ல வாய் வராது. ரயில் ஓடுவதைப் போலவே மவுத்ஆர்கன் வாசித்த கறுப்பர் அவர். ஓப்ரியின் ஆரம்ப கால நட்சத்திரம். 1941-ல் அவரை நீக்கினார்கள். செருப்புக்குப் பாலிஷ் போட்டுப் பிழைத்தார். 1982-ல் இறந்தார். கண்ட்ரி இசையின் புகழ் மண்டபத்தில் அவருக்கு இடம் கிடைத்தது 2005-ல்!

பிரைட்டின் வெற்றியைக் கொண்டாடுவோம். ஆனால் அந்த ஒரு வெற்றியைக் காட்டி, அநியாயமே இல்லை என்று சாதிக்கக் கூடாது. முகத்தை மறைத்தால்தான் உள்ளே விடுவோம் என்ற வாசலில், ஒருவர் நுழைந்தார் என்றால், எத்தனை பேர் திரும்பிப் போயிருப்பார்கள்? அவர்கள் பாட்டு எந்தத் தட்டிலும் ஏறவில்லை. நஷ்டம் அவர்களுக்கு மட்டும் அல்ல; கேட்கக் காது உள்ள எல்லோருக்கும்தான்.