துக்க வீட்டுப் பிள்ளைக்கு எதற்குக் கைதட்டல்?

அப்பாவுக்குக் கொள்ளி வைத்த கையோடு வந்து ஆடியவன்தான் உண்மையான ஆட்டக்காரன் என்றொரு நம்பிக்கை நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. பீடோங், லூனாஸ், பாடாங் செராய், கூலிம் என்று கெடாவில் தமிழ்ப் பையன்கள் பந்து உதைக்கும் எந்தத் திடலுக்குப் போனாலும், கூடாரத்தடியில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களில் ஒருவராவது இப்படியொரு கதையை வைத்திருப்பார். பயிற்றுநர்கள் சொல்கிறார்கள், பள்ளி ஆசிரியர்கள் சொல்கிறார்கள், புலனக் குழுக்களில் படம் போட்டுக் கைகூப்பும் சின்னத்தோடு அனுப்புகிறார்கள். "துக்கத்தை மனசுக்குள்ள வச்சுக்கிட்டு ஆடுனான் பாரு, அதான்டா வீரம்." கேட்கிற பதினாறு வயதுப் பையன் தலையாட்டுகிறான். வேறென்ன செய்வான்?

இந்த நம்பிக்கை தவறு என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ள எனக்கு மனமில்லை. இது இரக்கமற்றது. பாராட்டு மாதிரி ஒலிப்பதால் அந்த இரக்கமின்மை யார் காதிலும் உறைப்பதில்லை.

ஆதாரமாகக் காட்டப்படும் கதைகளையே முதலில் எடுத்துக்கொள்வோம். காற்பந்து பேச உட்கார்ந்தாலும் நம்மவர்கள் கிரிக்கெட்டில்தான் தொடங்குவார்கள். 1999 உலகக் கிண்ணம். அப்பா இறந்த சில நாளிலேயே பிரிஸ்டலில் கென்யாவுக்கு எதிராக டெண்டுல்கர் ஆட்டமிழக்காமல் அடித்த 140. வானத்தை அண்ணாந்து பார்த்த அந்த முகம் எல்லார் நினைவிலும் இருக்கிறது. கதையில் விட்டுப்போவது எது தெரியுமா? டெண்டுல்கர் வீட்டுக்குப் போனார். இங்கிலாந்திலிருந்து விமானம் ஏறி மும்பைக்குப் போய் அப்பாவின் இறுதிச் சடங்கில் நின்றார். அவர் இல்லாமல் லெஸ்டரில் ஸிம்பாப்வேயைச் சந்தித்த இந்தியா 3 ஓட்டங்களில் தோற்றது. உலகக் கிண்ணத்தில், மூன்றே ஓட்டத்தில்! அவர் ஒருவர் இருந்திருந்தால் கிடைத்திருக்கக்கூடிய வெற்றி அது. அதற்காக யாரும் அவரைக் கோழை என்று சொல்லவில்லை. ஆனால் நாம் திடலில் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது லெஸ்டரை வெட்டிவிட்டு பிரிஸ்டலை மட்டும் சொல்கிறோம்.

செல்சீயின் லம்பார்ட் கதையும் அப்படித்தான். 2008 ஏப்ரலில் அவர் அம்மா இறந்தார். ஒரு வாரத்துக்குள் லிவர்பூலுக்கு எதிரான சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில், கூடுதல் நேரத்தில், பெனால்டியைக் கோலாக்கினார். இடையில் மன்செஸ்டர் யுனைடெட்டுக்கு எதிரான பெரிய லீக் ஆட்டம் ஒன்று இருந்தது. அதில் அவர் ஆடவில்லை. அப்போது அவர் 29 வயதுப் பெரிய மனிதர். ஆடவா வேண்டாமா என்று யாரும் அவருக்கு மேல் நின்று முடிவெடுக்க முடியாது.

விராட் கோலி அப்படியில்லையே, அப்பா இறந்த காலையிலேயே போய் ஆடினாரே என்பார்கள். உண்மை. 2006 டிசம்பரில், 18 வயதில், டெல்லிக்காகக் கர்நாடகத்துக்கு எதிராக முந்தின நாள் ஆட்டமிழக்காமல் நின்ற பையன், அப்பா இறந்த காலையில் மறுபடி இறங்கி 90 எடுத்தார். ஆனால் திடல் டெல்லியில், வீடும் டெல்லியில். ஆட்டமிழந்ததும் தகனத்துக்குப் போக முடிந்தது. கோலி எடுத்த முடிவை நான் குறைத்துப் பேசவில்லை, அது அவருடையது. அந்த ஒருவரின் முடிவை மற்ற பிள்ளைகளுக்கெல்லாம் அளவுகோலாக நீட்டுகிறோமே, அதைத்தான் சொல்கிறேன்.

இன்னொன்று கவனியுங்கள். 2005 செப்டம்பரில் 20 வயது கிறிஸ்டியானோ ரொனால்டோ போர்ச்சுகல் அணியோடு மாஸ்கோவில் இருந்தபோது அப்பா இறந்த செய்தி வந்தது. மறுநாள் ரஷ்யாவுக்கு எதிரான உலகக் கிண்ணத் தகுதியாட்டத்தில் அவர் ஆடினார். முடிவு 0-0. ரொனால்டோவின் சாப்பாடு முதல் தூக்கம் வரை மனப்பாடமாக வைத்திருக்கும் நம் பையன்கள் எத்தனை பேருக்கு இது தெரியும்? கோல் விழாததால் கதையும் விழவில்லை. துக்கத்தோடு ஆடித் தோற்றவன், பந்தைக் கைநழுவ விட்டவன், இருபதாம் நிமிடத்தில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தவன் யாரும் நம் பட்டியலில் இல்லை. ஜெயித்தவர்களை மட்டும் எண்ணிவிட்டு, துக்கம் ஜெயிக்க வைக்கும் என்று கணக்குச் சொல்கிறோம்.

இந்தக் கதைகளில் என்னை மிகவும் கலைத்துப்போட்டது ஓல்கா கார்மோனாவின் கதை. 2023 ஆகஸ்ட் 20, சிட்னி. மகளிர் உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் ஸ்பெயின் இங்கிலாந்தை 1-0 என்று வென்றது. 29-ஆம் நிமிடத்தில் அந்த ஒரே கோலை அடித்தவர் 23 வயது கார்மோனா. அன்று அணித் தலைவியும் அவரே. நெடுநாள் நோயில் இருந்த அவருடைய அப்பா இரண்டு நாள் முன்பே, வெள்ளிக்கிழமை, இறந்துவிட்டிருந்தார். மகளுக்குத் தெரியாது. சொல்ல வேண்டாம் என்று வீட்டார் முடிவெடுத்திருந்தார்கள்; ஆட்டம் முடிந்த பிறகே சொன்னார்கள். கோல் அடித்ததும் கார்மோனா சட்டையை உயர்த்தி உள்ளே எழுதியிருந்த ஒரு பெயரைக் காட்டினார். தோழி ஒருத்தியின் அம்மா அண்மையில் இறந்திருந்தார். அவர் பெயர் அது. அடுத்த வீட்டுத் துக்கத்தை நெஞ்சில் எழுதிக்கொண்டு ஓடிய பெண்ணுக்குத் தன் வீட்டுத் துக்கம் சொல்லப்படவில்லை.

அடுத்த நாள் நம் கைப்பேசிகளில் வந்தது என்ன? "அப்பாவுக்காக அடித்த கோல்." அவர் அப்பாவுக்காக அடிக்கவில்லை. அப்பா இருக்கிறார் என்று நினைத்து அடித்தார். இதில் எங்கே வந்தது துக்கத்தை வென்ற வீரம்?

அந்தக் குடும்பத்தைக் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை. அவர்கள் ஊரான செவில் எங்கே, சிட்னி எங்கே. ஆனால் இது இங்கே முன்மாதிரியாகிவிடக் கூடாது. நமக்கு ஏற்கெனவே கைவந்த வேலை இது. பரீட்சை முடியட்டும், கல்யாணம் முடியட்டும், ஆட்டம் முடியட்டும். அதுவரை தாத்தாவுக்குக் "கொஞ்சம் முடியல, ஆஸ்பத்திரியில வச்சிருக்கோம்". அலோர் ஸ்டாரில் ஆடிக்கொண்டிருக்கும் சுங்கைப்பட்டாணிப் பையனுக்கு வீடு ஒரு மணி நேரத் தொலைவுதான். நம் முறைப்படி அப்பாவுக்கு மூத்தவன் கொள்ளி வைக்க வேண்டும், அம்மாவுக்கு இளையவன். பெரும்பாலும் மறுநாள் பிற்பகலுக்குள் உடலை எடுத்துவிடுவார்கள். இறுதியாட்டம் முடியட்டும் என்று செய்தியை அமுக்கி வைத்தால் பிள்ளை வந்து பார்ப்பது மின்சுடலையில் அள்ளிய சாம்பலை. அந்தச் சாம்பலுக்குப் பக்கத்தில் கிண்ணத்தை வைத்துப் படம் எடுப்பதற்கு வேண்டுமானால் ஆட்கள் வருவார்கள்.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் எனக்குத் தொலைக்காட்சியைவிடத் தோட்டம்தான் கண்ணுக்குத் தெரிகிறது. ரப்பர் தோட்டத்தில் ஒரு வீட்டில் சாவு என்றால் அந்த வீட்டு அடுப்பு எரியாது. பக்கத்து வீடுகளிலிருந்து சோறு வரும். லயத்தில் ரேடியோவை அணைத்துவிடுவார்கள். வயதான பெண்கள் ராத்திரி முழுக்க உட்கார்ந்து ஒப்பாரி வைப்பார்கள். ஜனங்கள் செய்ய வேண்டியதை ஜனங்கள் செய்தார்கள். ஆனால் விடியுமுன் பெரட்டு, ஆள் கணக்கெடுப்பு. பால் விடிகாலையில்தான் நன்றாக இறங்கும், வெயில் ஏறினால் நின்றுவிடும். துரைக்கு வேண்டியது பால். பெரட்டில் நிற்காதவருக்கு அன்றைய கூலி இல்லை. பிள்ளையைப் புதைத்துவிட்டு மறுநாளே கத்தியும் வாளியுமாக நிரைக்குப் போன தாய்மார்களின் கதை நம் குடும்பங்களில் குறைவா? அதை நாம் இன்று மன உறுதி என்கிறோம். மன உறுதியும் இருந்திருக்கும்தான். அதற்கு முன்னால் இருந்தது விடுப்பின்மை. அழுவதற்கு நாள் தராதவனைக் கேட்கத் திராணியில்லாமல், அழாதவளைப் புகழ்ந்து பழகிவிட்டோம்.

அந்த விடுப்பு இன்றும் வந்தபாடில்லை. மலேசியாவின் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் சாவுக்கென்று கட்டாய விடுப்பு கிடையாது. 2023 ஜனவரியில் திருத்தங்கள் நடப்புக்கு வந்தபோது பிள்ளைப்பேற்று விடுப்பு 98 நாளானது, தந்தையர்க்கு 7 நாள் கிடைத்தது. இழவுக்கு ஒரு நாளும் எழுதப்படவில்லை. முதலாளி மனம் வைத்தால் உண்டு. இப்படிப்பட்ட நாட்டில், அம்மா போன மறுநாள் தொழிற்சாலைக்குப் போகிறவரைப் பார்த்து வளரும் பையனிடம், நீயும் அப்படியே திடலுக்குப் போனால் வீரன் என்று வேறு சொல்கிறோம்.

அவனுக்கு உண்மையில் தேர்ந்தெடுக்க வழி இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். தோட்டத்துப் பையன் மேலே போகும் வழி மிகக் குறுகலானது. மாவட்டத் தேர்வு, மாநிலப் பள்ளி அணி, நாடு தழுவிய எம்.எஸ்.எஸ்.எம். பள்ளிப் போட்டி, அதிர்ஷ்டம் இருந்தால் பகாங் கம்பாங்கில் உள்ள மொக்தார் டஹாரி அகாடமி, பிறகு பிரசிடென்ட் கிண்ண அணி. ஒவ்வொரு படியிலும் ஒரு நாள், ஓர் ஆட்டம், ஓரத்தில் குறிப்பேட்டோடு ஒருவர். அந்த ஒரு நாளைத் தவறவிட்டால் அடுத்த ஆண்டு வயது கடந்திருக்கும். கம்பாங்கிலிருந்து சுங்கைப்பட்டாணி 500 கிலோமீட்டருக்கு மேல். இப்படிக் கட்டிப்போட்டுவிட்டு, "போறியா, ஆடுறியா, நீயே முடிவு பண்ணு" என்று பயிற்றுநர் தோளில் கை வைத்துக் கேட்டால் பையன் என்ன சொல்வான்? ஆடுகிறேன் என்பான். மறுநாள் அதை அவனுடைய துணிச்சல் என்று எழுதுவோம்.

இந்தியாவின் முகமது சிராஜுக்கு நடந்ததும் இதுதான். 2020 நவம்பரில், ஆட்டோ ஓட்டி அவரை வளர்த்த அப்பா ஹைதராபாத்தில் இறந்தபோது அவர் ஆஸ்திரேலியாவில் தனிமைப்படுத்தலில் இருந்தார். போகலாம் என்று கிரிக்கெட் வாரியம் சொன்னது. தங்கினார், ஆடினார், பிரிஸ்பேனில் ஒரே இன்னிங்ஸில் 5 விக்கெட் எடுத்தார். இரண்டு மாதம் கழித்து ஊர் திரும்பியவர் விமான நிலையத்திலிருந்து நேராகப் போனது கல்லறைக்கு. அந்த 5 விக்கெட்டைக் கொண்டாடுவோம். போயிருந்தால் மறுபடி தனிமைப்படுத்தல், மறுபடி எப்போது வாய்ப்பு என்ற கணக்கு அவர் தலைக்கு மேல் தொங்கியதையும் சேர்த்துச் சொல்வோம்.

"அப்பா இருந்தா இதைத்தான் ஆசைப்பட்டிருப்பாரு." இந்த வாக்கியத்தை நான் மிகவும் வெறுக்கிறேன். இறந்தவர் வாயால் பேசுவது யார் என்று பாருங்கள். அம்மா பேசினால் அது வேறு. பெரும்பாலும் பேசுவது அரையிறுதியில் இடது பக்கத்துக்கு ஆள் தேவைப்படும் குழு நிர்வாகி. பன்னிரண்டாவது ஆள் பெஞ்சில் உட்கார்ந்துதான் இருக்கிறான். அவன் எதற்காக உட்கார்ந்திருக்கிறான்? "அணியும் ஒரு குடும்பம்தான்" என்பது அடுத்த வாக்கியம். 2024-இல் கெடா டாருல் அமான் ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் மாதக்கணக்கில் பாக்கி நின்றது ஊரறிந்த செய்தி. குடும்பமாம்.

எதிர்த் தரப்பிலும் ஒரு நாக்கு இருக்கிறது. அதற்கு நான் துணை போக மாட்டேன். ஐந்தாம் நாள் பையன் திடலோரம் போய் நின்றால், "அப்பன் சாம்பல் இன்னும் ஆறல, அதுக்குள்ள பந்து கேக்குது" என்று சொல்லும் நாக்கு. பெண் பிள்ளையாக இருந்தால் இன்னும் இரண்டு சொல் கூடும். பதினாறாம் நாள் காரியம் வரை தள்ளி வைக்கும் வழக்கத்துக்கு ஒரு பயன் இருந்தது என்று நான் நினைக்கிறேன். துரை தராத விடுப்பைச் சடங்கின் பெயரால் ஜனங்களே கொஞ்சம் பிடுங்கிக்கொண்டார்கள். ஆனால் வீட்டுக்குள் மூச்சு முட்டுகிற பிள்ளைக்குப் பந்தை உதைக்கிற அரை மணி நேரம்தான் ஆறுதல் என்றால் அதைத் தடுக்க ஊருக்கு என்ன உரிமை? அவன் ஆடட்டும். இறந்தவருக்காக என்று இல்லை, ஊருக்காகவும் இல்லை; அவனுக்குத் தோன்றுவதால் ஆடட்டும். பாதியில் தோன்றாமல் போனால் வெளியே வந்து உட்காரட்டும். ஒரே ஆளையே கோல் அடித்தால் வீரன் என்றும் அடிக்காவிட்டால் கல்நெஞ்சன் என்றும் சொல்வதற்குக் கூடாரத்தடியில் எப்போதும் ஆள் தயார். துக்கத்துக்குப் பார்வையாளர்தான் மதிப்பெண் போட வேண்டும் என்ற நினைப்பு இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

குழு நடத்துகிறவர்கள் செய்ய வேண்டியது பெரிய காரியம் ஒன்றுமில்லை. செய்தி வந்தால் உடனே சொல்லுங்கள், ஆட்டத்தின் பாதியில் வந்தாலும் சரி. அன்று இரவே முடிவைக் கேட்காதீர்கள். அணியில் அவன் இடம் அவனுக்கே இருக்கும் என்பதை வாயால் சொல்லாமல் எழுதிக் கொடுங்கள். தேர்வு நாள் தவறினால் மறுதேர்வு உண்டு என்று விதியிலேயே சேருங்கள். அவன் கேட்காமல் மௌன அஞ்சலி வேண்டாம், கருப்புப் பட்டை வேண்டாம், முகநூலில் அவன் அழுகிற படம் வேண்டவே வேண்டாம்.

பள்ளி அணிக்கும் சங்கத்துப் போட்டிக்கும் பெயர் கொடுக்கும்போது பெற்றோர் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போடுகிறார்கள். இரத்த வகை, ஒவ்வாமை, அவசரத் தொலைபேசி எண் எல்லாம் அதில் கேட்கிறார்கள். இன்னும் இரண்டு வரி சேர்க்க எவ்வளவு மை செலவாகும்? வீட்டில் ஏதாவது ஆகிவிட்டால் பிள்ளையிடம் யார் சொல்வது. எந்த நேரமானாலும் காரில் யார் கொண்டுவந்து விடுவது.