தேடலும் மதிப்பீடும்

புதிரை அவிழ்ப்பதற்கு விரைவு ஒன்றே போதும் என்று பலர் எண்ணுகின்றனர். கணிப்பொறி நொடிப்பொழுதில் கோடிக்கணக்கான கணக்குகளைச் செய்யவல்லது. ஆதலின் அதற்கு அரிய புதிர் எதுவும் இல்லை என்பது அவர்தம் கருத்து. இக்கருத்துப் பொருந்தாது.

ஹங்கேரி நாட்டு எர்னோ ரூபிக் என்பார் 1974 இல் அமைத்த வண்ணக் கனசதுரத்தை மாணவர்கள் கண்டிருப்பீர்கள். ஆறு முகங்களும் தத்தம் நிறத்தோடு விளங்கும் நிலை ஒன்றே. குலைந்த நிலைகளோ ஏறத்தாழ 4,32,520 கோடி கோடி. நொடிக்கு ஒரு கோடி நிலைகளை ஆராயும் பொறிக்கும், அவை அனைத்தையும் ஆராய்ந்து முடிக்க ஏறத்தாழ 1,37,000 ஆண்டுகள் வேண்டும்! ஆயினும், அரைச்சுற்றையும் ஒரு திருப்பமாகக் கொண்டால், எத்துணைக் குலைந்த கனசதுரத்தையும் 20 திருப்பங்களுக்குள் சீராக்கலாம் என்பது 2010 இல் நிறுவப்பெற்றது. வழி குறுகியதே; அதனைக் காண்பது அரிது.

எப்பக்கம் தேடுவது என்னும் மதிப்பீடு இங்கே இன்றியமையாதது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்து அறிஞர்கள் 2019 இல் வெளியிட்ட டீப்கியூப்ஏ என்னும் முறை இதற்கு நல்ல சான்று. மாந்தர் அவிழ்த்த முறை எதனையும் அவர்கள் பொறிக்குக் காட்டவில்லை. சீரான கனசதுரத்தினின்று தொடங்கிப் பின்னோக்கிக் குலைத்து, அந்நிலைகளையே பாடமாக வைத்தனர். ஒரு நிலையைக் கண்டதும், 'இதற்கு இன்னும் இத்தனை திருப்பங்கள் வேண்டும்' என மதிப்பிடப் பொறி பழகிற்று. அண்மை நிலைகளின் மதிப்புத் தெளியத் தெளிய, தொலை நிலைகளின் மதிப்பும் திருந்தியது. தெரிந்த சொல்லைக் கொண்டு தெரியாத சொல்லுக்கு மாணவனை அழைத்துச் சென்ற பழைய திண்ணைப் பள்ளி முறையும் இத்தகையதே என்பேன்.

ஆயினும், மதிப்பீடு தனித்து நின்று புதிரை அவிழ்த்துவிடாது. 1968 இல் வெளிவந்த ஏ-ஸ்டார் என்னும் தேடல் முறையின் ஒரு வகையை அதனுடன் சேர்த்தனர். கடந்து வந்த திருப்பங்களையும், இனி வேண்டியனவாக மதிப்பிட்டவற்றையும் கூட்டி, தொகை சிறிதாக உள்ள நிலையையே அம்முறை முதலில் ஆராயும். அவ்வழி பயன்படாவிடின் வேறு கிளைக்குத் திரும்பும். சோதனைக்கு வைத்த கனசதுரங்கள் அனைத்தும் இவ்வாறு சீராயின. அவற்றுள் 60.3 விழுக்காட்டில் கண்ட வழியே மிகக் குறுகிய வழியாகவும் இருந்தது.

இதனை வெறும் ஊகம் என்று இகழ்வாரும் உளர். பேரறிவு என்று போற்றுவாரும் உளர். இரு சாராரையும் நான் ஒப்பேன். மதிப்பீடு பிழைபடலாம், ஆனால் பொறி கண்ட திருப்பங்களை ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தால் விடை சரியா என்பது சிறுவனுக்கும் விளங்கிவிடும். அவ்வாறு சரிபார்க்க இயலாத இடத்திலும் பொறியின் மதிப்பீட்டையே முடிந்த முடிபாகக் கொள்ள விழைவார் செயல்தான் எனக்கு அச்சம் தருகிறது. மாணவன் எழுதிய கட்டுரைக்குப் பொறி இடும் மதிப்பெண்ணை எந்தக் கனசதுரத்தைத் திருப்பிச் சரிபார்ப்பது? அதனை ஆசிரியர் ஒருவர் முதலிலிருந்து படித்தே தீர வேண்டும்.