அழுக்குப் போக்கும் மருந்தைத் தேர்ந்தெடுப்பது யார்?

சீனாவில் சூசௌ என்ற நகரத்தில், தைவான் முதலாளிகளின் வின்டெக் கம்பெனி ஒரு தொழிற்சாலை நடத்தியது. செல்போனுக்குக் கண்ணாடித் திரை செய்வது அங்கே வேலை. திரையில் தூசியோ விரல் ரேகையோ இருக்கக் கூடாது. ஆகவே ஒவ்வொரு திரையையும் மருந்தில் நனைத்த துணியால் துடைத்து அனுப்ப வேண்டும். முதலில் ஆல்கஹால் கொடுத்துத் துடைக்கச் சொன்னார்கள். அது உலரச் சற்று நேரம் பிடிக்கும். அந்த நேரத்தில் இன்னும் நாலு திரை துடைக்கலாமே என்று நிர்வாகத்திற்குப் பட்டது. ஆல்கஹாலை எடுத்துவிட்டு ஹெக்ஸேன் என்ற பெட்ரோலியத் திரவத்தைக் கொண்டுவந்தார்கள். அது நொடியில் ஆவியாகிவிடும், கறையும் நிற்காது. வேலை வேகமாக நடந்தது.

2009ஆம் வருஷம் தொழிலாளர்களின் கைகால்கள் மரத்துப்போக ஆரம்பித்தன. முதலில் விரல் நுனி, பிறகு பாதம், பிறகு நடையே தள்ளாட்டம். ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் கிடந்தார்கள். 2010 ஜனவரியில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்தத் திரைகளை வாங்கிய ஆப்பிள் கம்பெனி 2011 பிப்ரவரியில் வெளியிட்ட தன் அறிக்கையிலேயே ஒப்புக்கொண்டது: பாதிக்கப்பட்டவர்கள் 137 பேர். வேலை முறையை மாற்றிய நிர்வாகம், அதற்கேற்பக் காற்றோட்ட ஏற்பாட்டை மாற்றவில்லை என்றும் அந்த அறிக்கை சொல்லிற்று.

சீனாவிலா இப்படி நடந்தது என்று சில தோழர்கள் முகம் சுளிக்கலாம். ஆம், சீனாவில்தான் நடந்தது. நடந்ததை மறைத்து எழுதுவது நம் வேலையல்ல.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஹெக்ஸேன் நரம்பைக் கெடுக்கும் என்பது 2009இல் கண்டுபிடித்த புதுச் சமாச்சாரமல்ல. 1960களிலேயே ஜப்பானில், வீட்டில் உட்கார்ந்து செருப்பு ஒட்டிய தொழிலாளர்களுக்கு, பசையிலிருந்த ஹெக்ஸேனால் இதே நோய் வந்தது. வைத்தியர்கள் எழுதி வைத்தார்கள். அமெரிக்காவில் கலிபோர்னியா ராஜ்யத்தில் 1999-2000இல் மோட்டார் மெக்கானிக்குகளுக்கும் வந்தது. பிரேக் துடைக்கும் மருந்தில் முன்பிருந்த குளோரின் வகைக் கரைப்பான் கூடாது என்று கட்டுப்பாடு வந்தபோது, அதற்குப் பதிலாகச் சேர்த்தது இந்த ஹெக்ஸேன்! ஒரு விஷத்தை வாசல் வழியே அனுப்பி இன்னொன்றைக் கொல்லை வழியே அழைத்துக்கொண்டார்கள். புத்தகத்தில் இருந்த உண்மை, துணியைப் பிடித்த கைக்கு மட்டும் வந்து சேரவில்லை.

துடைக்கிற மருந்தைத் தேர்ந்தெடுத்தவர் எவரும் அதைக் கையால் தொடவில்லை. தொட்டவர்களை எவரும் கேட்கவில்லை. நம் ஊர் மில்லிலும் பட்டறையிலும் ஆஸ்பத்திரியிலும் இதுதானே வழக்கம்? பர்ச்சேஸ் ஆபீஸர் லிட்டர் என்ன விலை என்று பார்க்கிறார். மேஸ்திரி எவ்வளவு சீக்கிரம் வேலை முடியும் என்று பார்க்கிறார். காண்டிராக்டர் இரண்டையும் பார்த்து, லேபிள் இல்லாத சில்லறைச் சரக்கைப் பழைய டின்னில் ஊற்றிக் கொண்டுவருகிறார்.

மருந்தைத் தேர்ந்தெடுப்பது பெரிய படிப்பாளிகளின் வித்தை என்று நாம் நினைத்து ஒதுங்கிவிடக் கூடாது. நம் வீட்டுப் பெண்கள் தினமும் செய்கிற காரியம்தான் அது. செம்புக் குடத்தைப் புளி போட்டுத் துலக்குகிறார்கள்; எண்ணெய்ச் சட்டிக்குச் சாம்பல் போடுகிறார்கள். மாற்றிப் போடுவதில்லை. புளியில் இருப்பது அமிலம். களிம்பையும் துருவையும் உப்புப் படிவையும் கரைக்கும். சாம்பலில் இருப்பது காரம். எண்ணெய்ப் பசையை அறுக்கும். வண்ணார் சமூகம் தலைமுறை தலைமுறையாக உவர்மண்ணில் துணியை வெளுத்ததும் இந்தக் காரத்தின் பலத்தினால்தான். மில்லுக்கு வரும் ஆஸிடும் காஸ்டிக் சோடாவும் இதே இரண்டு ஜாதிச் சரக்குகள்தான்; வேகம் மட்டும் பல்லாயிரம் மடங்கு.

இந்த வேகத்தை அளக்க 0 முதல் 14 வரை ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். 7 என்றால் நல்ல தண்ணீர் மாதிரி. கீழே போகப் போக அமிலம், மேலே போகப் போகக் காரம். ஒவ்வொரு படிக்கும் 10 மடங்கு. ஆகவே 9 உள்ள கரைசலுக்கும் 12 உள்ள கரைசலுக்கும் வித்தியாசம் மூன்று மடங்கல்ல, 1000 மடங்கு. டின்னில் அந்த எண் அச்சிட்டிருந்தால் அதைப் பார்க்காமல் கை வைக்காதீர்கள்.

அழுக்கு என்ன என்பதோடு விஷயம் முடியவில்லை. அது எதன்மேல் படிந்திருக்கிறது? சிமெண்டுத் தரையில் எண்ணெய் சிந்தினால் ஆஸிடை ஊற்றுகிறவர்கள் உண்டு. ஆஸிட் எண்ணெயை விட்டுவிட்டுச் சிமெண்டைத் தின்னும். தரை சொரசொரப்பாகி, அடுத்த எண்ணெய் இன்னும் ஆழமாக இறங்கும். அங்கே வேண்டியது காரம் கலந்த சோப்பு. பால் சொசைட்டியில் வேலை செய்யும் தோழர்களுக்கு இது தெரிந்திருக்கும்: பாலின் கொழுப்பு போகக் காரம் வேண்டும், வெள்ளையாகக் கெட்டிப்படும் பால் கல்லுக்கு அமிலம் வேண்டும். ஆனால் கேன் அலுமினியமாக இருந்தால் காஸ்டிக் சோடா அந்தக் கேனையே அரிக்கும். நுரைத்துக்கொண்டு ஹைட்ரஜன் வாயு கிளம்பும், பக்கத்தில் பீடி பற்ற வைத்தால் தீப்பிடிக்கும். எவர்சில்வர் பாத்திரத்தில் பிளீச்சிங் கரைசலை ஊறவிட்டால் ஊசி குத்தினாற்போல் துளை விழும். கிருமி கொல்ல பிளீச்சிங் நல்லதுதான். ஆனால் சாணியும் சேறும் இருக்கும் இடத்தில் அப்படியே தூவினால் அதன் சக்தி அந்தச் சேற்றோடேயே செலவழிந்துபோகும். முதலில் கழுவ வேண்டும், பிறகுதான் மருந்து. தலைவர் வரும் நாளில் சாக்கடையோரம் வெள்ளைக் கோடு போடுகிறார்களே, அது கொசுவுக்குமல்ல, கிருமிக்குமல்ல, தலைவருக்கு!

எல்லாவற்றையும் விட முக்கியமான விஷயத்திற்கு வருவோம்.

கோவைப் பக்கத்தில் நமக்குத் தெரிந்த ஒரு நூற்பாலை. பெயர் வேண்டாம். அங்கே கக்கூஸ் கழுவும் வேலையைக் காண்டிராக்டில் பார்க்கும் ஓர் அம்மாள், விவசாயக் கூலிக் குடும்பம், நடவு இல்லாத மாதங்களில் மில்லுக்கு வருகிறவர். ஒருநாள் பேஸினில் பிளீச்சிங் பவுடரைத் தூவி, அதன் மேலேயே ஆஸிடை ஊற்றிவிட்டார். பச்சை மஞ்சளாகப் புகை கிளம்பிற்று. மூச்சு அடைத்து, இருமி இருமிச் சுருண்டு விழுந்தார். ஆஸ்பத்திரியில் நாம் போய்ப் பார்த்தோம். "ரெண்டுமே அழுக்கு எடுக்கும்னுதானுங்க குடுத்தாங்க. சேர்த்துப் போட்டா இன்னும் நல்லா எடுக்கும்னு நெனச்சேனுங்க" என்றார். நிர்வாகம் என்ன எழுதி வைத்தது தெரியுமா? தொழிலாளியின் கவனக்குறைவு! இரண்டு டின்னிலும் ஒரு எழுத்து கிடையாது. எதைக் கவனித்திருக்க வேண்டும் அவர்?

அன்று கிளம்பியது குளோரின் வாயு. 1915 ஏப்ரல் 22ந் தேதி, முதல் உலக யுத்தத்தில், பெல்ஜியத்தின் ஈப்ர் களத்தில் ஜெர்மன் ராணுவம் எதிரிகள்மேல் விட்ட அதே வாயு. காற்றைவிடக் கனமானது, கீழேயே தங்கும். குனிந்தும் குந்தியும் வேலை செய்கிறவருக்குத்தான் முதலில் போய்ச் சேரும். பிளீச்சிங்கோடு அமோனியா கலந்தாலும் வேறொரு விஷவாயு கிளம்பும். ஆகவே எந்த இரண்டு மருந்தையும் கலக்கக் கூடாது. ஒன்றைப் போட்ட இடத்தில், நன்றாகத் தண்ணீர்விட்டு அலசாமல் இன்னொன்றைப் போடக் கூடாது. வாயு கிளம்பிவிட்டால் துடைக்க நிற்காமல், மேடான, காற்று வீசும் இடத்திற்கு ஓட வேண்டும். இருமல் நின்றுவிட்டதே என்று வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடவும் கூடாது. சில மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வதுண்டு. டாக்டர் பார்த்தே தீர வேண்டும்.

ஆஸிடில் தண்ணீரைக் கொட்டினால் கொதித்து முகத்தில் தெறிக்கும். தண்ணீரில்தான் ஆஸிடைக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். கண்ணில் பட்டால் குறைந்தது 15 நிமிஷம் ஓடும் தண்ணீரில் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். ஆகவே குழாய் இல்லாத இடத்தில் இந்த வேலையே கூடாது. துருப் போக்கும் மருந்துகள் சிலவற்றில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் இருக்கும். தோலில் பட்டால் சில சமயம் உடனே எரியாது. உள்ளே இறங்கி எலும்பு வரை அரிக்கும். அப்படிப்பட்ட சரக்கு நமக்கு வேண்டவே வேண்டாம். வேறு மருந்து கேளுங்கள்.

பட்டறைகளில் கிரீஸ் துடைக்கும் கரைப்பான்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். டிரைகுளோரோ எதிலீன் மனிதனுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி ஸ்தாபனம் 2012இல் தீர்மானித்தது. பென்சீன் ரத்தப் புற்றுநோய் தரும். அதைக் கட்டுப்படுத்த 1971லேயே சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனத்தில் ஒப்பந்தம் ஏற்பட்டது. இவற்றிற்குப் பதில், பல வேலைகளுக்கு வெந்நீரில் கலக்கும் காரச் சோப்பே போதும். கொஞ்சம் அதிக நேரம் பிடிக்கும், அவ்வளவுதான். அந்த நேரத்தைத்தான் முதலாளி தர மறுக்கிறார்.

கையுறை கொடுத்தோமே, முகமூடி கொடுத்தோமே என்பார்கள். மெல்லிய ரப்பர் உறைக்குள் ஹெக்ஸேன் போன்ற கரைப்பான் சில நிமிஷத்தில் ஊடுருவும். அதற்கு நைட்ரைல் உறை வேண்டும். துணி முகமூடி தூசியை ஓரளவு தடுக்கும், ஆவியைத் தடுக்காது. பொருத்தமில்லாத கவசம், இல்லாத தைரியத்தைக் கொடுத்துக் கெடுக்கும்.

சரி, நாம் எதைக் கேட்பது? ஒவ்வொரு ரசாயனத்திற்கும் பாதுகாப்புத் தகவல் தாள் என்று ஒன்று உண்டு. 16 பகுதிகள். இரண்டாவது பகுதியில் என்ன ஆபத்து, மூன்றாவதில் உள்ளே என்னென்ன சரக்கு, நான்காவதில் முதலுதவி, எட்டாவதில் எந்தக் கவசம், பத்தாவதில் எதோடு சேரக் கூடாது என்றிருக்கும். இந்த ஐந்தைப் படித்தால் போதும். நம் நாட்டில் 1989ஆம் வருஷத்து அபாயகர ரசாயன விதிகளிலேயே இந்தத் தாளைப் பற்றிச் சொல்லியிருக்கிறது. போபாலில் 1984இல் ஆயிரக்கணக்கானவர்கள் செத்த பிறகு, 1987இல் ஃபாக்டரி சட்டத்தைத் திருத்தி, தொழிலாளிக்கு ஆபத்துகளைத் தெரிவிக்க வேண்டும் என்று எழுதினார்கள். 2020இல் பார்லிமெண்ட் நிறைவேற்றிய தொழில் பாதுகாப்புத் தொகுப்போ, பவர் உள்ள இடத்தில் ஃபாக்டரி என்பதற்கு 10 பேர் என்றிருந்ததை 20 பேர் என்று ஆக்கிற்று. ஆஸிட் 19 பேரைச் சுடாதா என்ன?

தாள் ஆபீஸ் பீரோவில் இருக்கிறது என்பார்கள். இங்கிலீஷில் இருக்கும். அது தமிழில், பெரிய எழுத்தில், மருந்து வைக்கும் அறையின் சுவரில் ஒட்டப்பட வேண்டும். புதிதாக எந்த மருந்து வந்தாலும், கமிட்டியில் தொழிலாளர் பிரதிநிதிகள் தாளைப் பார்த்துச் சம்மதிக்கும் முன் டின்னைத் திறக்கக் கூடாது. காண்டிராக்ட் தொழிலாளிக்கும் நிரந்தரத் தொழிலாளிக்கும் ஒரே கையுறை, ஒரே பயிற்சி. தண்ணீர்ப் பாட்டிலிலும் சோடா பாட்டிலிலும் மருந்தை ஊற்றி வைப்பது அடியோடு நிற்க வேண்டும். காலி டிரம்மைத் தண்ணீர் பிடிக்க வீட்டுக்குக் கொண்டுபோகும் வழக்கத்தை நாமும் விட வேண்டும்; எத்தனை தடவை கழுவினாலும் உள்ளே ஊறியது போய்விட்டதென்று சொல்ல முடியாது. இதை நம் தோழர்களுக்கு நாம்தான் சொல்ல வேண்டும், நிர்வாகம் சொல்லாது.

போனஸ், பஞ்சப்படி பேசுகிற கோரிக்கைப் பட்டியலில் இந்த விஷயம் கடைசி வரியாகக்கூட இதுவரை வந்ததில்லை. இது நம் யூனியன்களின் குறை, ஒப்புக்கொள்கிறோம். அடுத்த கமிட்டிக் கூட்டத்திற்கு வரும் தோழர்கள், தங்கள் டிபார்ட்மெண்டில் துடைக்க, கழுவ, கறை எடுக்கப் பயன்படும் ஒவ்வொரு டின்னின் பெயரையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வரவும். பெயர் இல்லாத டின் இருந்தால், எந்த அறையில், யார் கையில் இருக்கிறது என்பதை எழுதி, பக்கத்தில் "பெயர் இல்லை" என்று குறிக்கவும்.