பறக்கும் மருத்துவரின் பெட்டி

ஆஸ்திரேலியாவின் உட்பகுதிப் பண்ணைகளில் ஒரு பழைய வேடிக்கைக் கதை உண்டு. கணவனுக்கு வயிற்றுவலி. மனைவி வானொலியில் மருத்துவரை அழைக்கிறாள். "பெட்டியில் 9ஆம் எண் மாத்திரை இருக்கும், ஒன்று கொடு" என்கிறார் அவர். மறுநாள் மருத்துவர் விசாரித்தபோது அவள் சொன்னாளாம்: "9 தீர்ந்துபோச்சு டாக்டர். 4இல் ஒன்றும் 5இல் ஒன்றும் கொடுத்தேன், குணமாயிட்டுது."

கதை கட்டுக்கதையாகவே இருக்கட்டும், பெட்டி நிஜம். 1942 முதல் அங்குள்ள தொலைதூரப் பண்ணைகளுக்கும் குடியிருப்புகளுக்கும் ஒரே மாதிரியான மருந்துப் பெட்டிகள் தரப்பட்டு வருகின்றன. உள்ளே ஒவ்வொரு மருந்துக்கும் ஓர் எண். கூடவே, பகுதி பகுதியாக எண்ணிடப்பட்ட மனித உடலின் படம். எந்த எண்ணில் வலி என்று கேட்டு, எந்த எண் மருந்தைக் கொடுக்க வேண்டும் என்று பல நூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்தே மருத்துவர் சொல்லிவிடலாம். 'பறக்கும் மருத்துவர்' சேவை என்றால் செம்மண் ஓடுபாதையில் புழுதி கிளப்பி இறங்கும் விமானம்தான் உலகத்தாரின் கண்ணுக்குத் தெரிகிறது. நம் அரசுகள் அதனிடம் முதலில் கற்க வேண்டியது இந்தப் பெட்டியைப் பற்றித்தான்.

அந்தச் சேவைக்கான தேவையை ஊரறியச் செய்தது ஒரு மரணம். 1917இல் மேற்கு ஆஸ்திரேலியாவின் ஹால்ஸ் கிரீக் அருகே, மாட்டுப் பண்ணைத் தொழிலாளியான ஜிம்மி டார்சி குதிரையோடு விழுந்து உள்காயமுற்றார். வண்டியில் போட்டு ஊருக்குக் கொண்டுவந்தார்கள். அங்கே மருத்துவர் இல்லை. அஞ்சல் நிலைய அதிகாரி டக்கெட்டுக்கு முதலுதவி தெரியும், அவ்வளவுதான். பெர்த் நகரிலிருந்து மருத்துவர் ஹாலண்ட், மோர்ஸ் குறியீட்டுத் தந்தியில் படிப்படியாகச் சொல்லச் சொல்ல, அந்த அஞ்சல்காரர் பேனாக்கத்தியால் அறுவை சிகிச்சை செய்தார். மயக்க மருந்து கிடையாது. ஹாலண்ட் கப்பலிலும் காரிலும் குதிரை வண்டியிலுமாக நாள்கணக்கில் பயணம் செய்து ஹால்ஸ் கிரீக்கை அடைந்தபோது, டார்சி இறந்து ஒரு நாள் ஆகியிருந்தது.

ஜான் ஃபிளின் என்ற பிரெஸ்பிட்டேரியன் பாதிரியார் இந்தத் தூரத்தோடு 1912 முதலே மல்லுக்கட்டி வந்தவர். செவிலியர்கள் தங்கிப் பணிபுரியும் சிறு மருத்துவமனைகளை உட்பகுதிகளில் நிறுவுவதுதான் அவருடைய முதல் வேலையாக இருந்தது. விமானம் என்ற யோசனையை 1917இல் அவருக்குக் கடிதமாக எழுதியவர், போர் விமானியாகச் சேர்ந்திருந்த மருத்துவ மாணவர் கிளிஃபர்டு பீல். செலவுக் கணக்குவரை போட்டு அனுப்பியிருந்தார். மறு ஆண்டு பிரான்ஸ் போர்முனையில் பறக்கப் போனவர் திரும்பவில்லை.

பணம் சேர மேலும் பத்தாண்டுகள் ஆயின. அறுவடை இயந்திர உற்பத்தியாளர் ஹக் விக்டர் மெக்கே எழுதிவைத்துப் போன 2,000 பவுண்டு பெரிதும் கைகொடுத்தது. குவாண்டாஸ் நிறுவனத்திடம் வாடகைக்கு எடுத்த ஒற்றை எஞ்சின் விமானம் ஒன்று 1928 மே 17 அன்று குயின்ஸ்லாந்தின் கிளான்கரியிலிருந்து ஜூலியா கிரீக்குக்குப் பறந்தது. மருத்துவர் வெல்ச், விமானி அஃப்லெக். விமானத்தில் வானொலி கிடையாது. ஆறுகளையும் வேலிகளையும் தந்திக் கம்பங்களையும் பார்த்துத்தான் வழி கண்டுபிடிக்க வேண்டும். முதல் ஆண்டில் 50 பயணங்கள், 225 நோயாளிகள்.

விமானம் வந்துவிட்டது. ஆனால் நோயாளி இருப்பதை மருத்துவருக்கு யார் சொல்வது? பண்ணைகளில் மின்சாரமும் இல்லை, தொலைபேசியும் இல்லை. இதற்கு விடை தந்தவர் அடிலெய்டைச் சேர்ந்த ஆல்ஃபிரட் டிரேகர். உட்கார்ந்தபடியே காலால் மிதித்து மின்சாரம் உண்டாக்கும் வானொலிக் கருவியை 1929இல் உருவாக்கினார். மோர்ஸ் குறியீடு தெரியாத பண்ணை மக்களுக்காகப் பிறகு தட்டச்சுப் பலகையையும் இணைத்தார். எழுத்தைத் தட்டினால் கருவியே மோர்ஸில் அனுப்பிவிடும். அந்த மிதிவானொலி இல்லாதிருந்தால் ஃபிளினின் விமானம் கொட்டகையில்தான் கிடந்திருக்கும். ஒருவர் வீட்டுப் பேச்சை மற்றவரும் கேட்கும் அந்த அலைவரிசையில் வைத்தியத்தோடு ஊர்வம்பும் ஓடியது. 1951இல் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் பண்ணைக் குழந்தைகளுக்கான வானொலிப் பள்ளி தொடங்கியதும் இந்தக் கட்டமைப்பின் மேல்தான்.

இன்று இந்தச் சேவையிடம் ஜெட் விமானங்கள் உள்ளன. நல்லர்பார் சமவெளியைக் கடக்கும் ஏர் நெடுஞ்சாலையில் சில நீளங்களை அவசர ஓடுபாதைகளாகக் கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். விளக்கில்லாத பண்ணைகளில், எரிபொருளில் ஊறவைத்த கழிப்பறைக் காகிதச் சுருளைத் தகர டப்பாவில் கொளுத்தி வரிசையாக வைத்து இரவில் விமானத்தை இறக்கியதும் உண்டு. சாகசம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் ஊர் ஊராகக் குறித்த நாளில் பறந்துபோய் நடத்தும் பொது மருத்துவ முகாம், பல் மருத்துவம், மனநல ஆலோசனை, தொலைபேசி வழி மருத்துவம் ஆகியவையே இந்தச் சேவையின் அன்றாடம். ஆபத்து வந்தபின் தூக்கிக்கொண்டு பறப்பது அதில் ஒரு பகுதி மட்டுமே.

இதைப் புகழ்ந்துகொண்டே போவதும் சரியல்ல. ஃபிளினின் அக்கறை வெள்ளையர் குடியேற்றங்களோடு நின்றுவிட்டது, பழங்குடி மக்களை அவர் ஒதுக்கினார் என்று அவர் காலத்திலேயே மருத்துவர் சார்லஸ் டுகிட் கண்டித்தார். சேவை இன்று அம்மக்களுக்கும் செல்கிறது. இருந்தும் ஆஸ்திரேலியப் பூர்வகுடியினரின் சராசரி ஆயுள் மற்றவர்களைவிட எட்டு ஆண்டுகளுக்கும் மேல் குறைவு. சுத்தமான வீடு, நல்ல உணவு, அருகிலேயே மருத்துவம் ஆகியவற்றின் குறையை எந்த ஜெட்டாலும் நிரப்ப முடிவதில்லை.

இந்தியாவில் வான் ஆம்புலன்ஸ் என்றால் பெரும்பாலும் பல லட்சம் ரூபாய் கட்டி, ஒரு பெருநகரத்திலிருந்து இன்னொரு பெருநகரத்துக்குப் போகும் தனியார் சேவைதான். அண்மையில் அரசுகளும் இறங்கியிருக்கின்றன. மத்தியப் பிரதேசம் 2024இல் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. அதே ஆண்டு அக்டோபரில் ரிஷிகேஷ் எய்ம்ஸின் ஹெலிகாப்டர் ஆம்புலன்ஸ் தொடங்கிவைக்கப்பட்டது. 2025 மே 17 அன்று கேதார்நாத்தில் தரையிறங்கும்போது அது விபத்துக்குள்ளாகி வால்பகுதி முறிந்தது. நல்லவேளை, உள்ளே இருந்தவர்கள் தப்பினார்கள். இமயமலை ஹெலிகாப்டர் பயணங்களின் ஆபத்தை அறிந்தவர்களுக்கு இது வியப்பளித்திருக்காது. அதற்காக அத்தகைய சேவையே வேண்டாம் என்பதல்ல. பனி மூடிய பள்ளத்தாக்குக்கும் லட்சத்தீவு போன்ற தீவுகளுக்கும் வானூர்தியைத் தவிர விரைவான வழி ஏது?

தமிழ்நாட்டு மலைகளின் கதை வேறு. 2023 மே மாதம் வேலூர் மாவட்டம் அல்லேரி மலையில் ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு கடித்தது. சாலை இல்லை, மருத்துவமனையை அடைவதற்குள் உயிர் போய்விட்டது. பிரேதப் பரிசோதனை முடிந்து திரும்பும்போது ஆம்புலன்ஸ் பாதி வழியோடு நின்றுவிட, பெற்ற தாய் உடலைச் சுமந்துகொண்டு மலையேறினார். அந்த ஊர் நடுப் பாலைவனத்திலோ கடல் கடந்தோ இல்லை. மாவட்டத் தலைநகரிலிருந்து எட்டும் தூரத்தில் இருக்கிறது. அங்கே தேவைப்பட்டவை ஒரு மண்சாலை, கிடைக்கக்கூடிய தொலைபேசி அலைவரிசை, விஷமுறிவு மருந்து இருப்பிலுள்ள ஒரு சுகாதார நிலையம், அதைப் போடத் தெரிந்தவர். இவற்றில் எதற்கும் இறக்கை தேவையில்லை.

இந்த மாநிலத்துக்கு இது புரியாத விஷயமும் அல்ல. 2008 முதல் 108 ஆம்புலன்ஸ் ஓடுகிறது. நான்கு சக்கர வாகனம் நுழைய முடியாத இடங்களுக்கு இருசக்கர ஆம்புலன்ஸ் உண்டு. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' ரத்தக்கொதிப்பு, சர்க்கரை மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுபோகிறது. பறக்கும் மருத்துவர் சேவையின் குறித்தநாள் முகாமுக்கும் இதற்கும் அடிப்படை ஒன்றுதான். ஆனாலும் மலைக்கிராமங்களில் கர்ப்பிணிகளை டோலி கட்டித் தூக்கி வரும் படங்கள் ஆண்டுதோறும் நாளிதழ்களில் வந்தபடியே இருக்கின்றன.

ஹெலிகாப்டர் ஆம்புலன்ஸுக்கு அரசு நிதி ஒதுக்கினால் எதிர்க்க வேண்டியதில்லை. ஆனால் அதே அரசாணையில் வேறு சில விவரங்களையும் மக்கள் கேட்க வேண்டும். எந்தெந்த மலைக்கிராமத் துணை சுகாதார நிலையங்களில் செவிலியர் இரவிலும் தங்குகிறார், எங்கெல்லாம் விஷமுறிவு மருந்து இருப்பில் உள்ளது, எந்த ஊரிலிருந்து 108ஐ அழைத்தால் இணைப்பே கிடைக்காது? இந்தப் பட்டியலை ஊர்வாரியாக மாவட்ட ஆட்சியர் அலுவலகங்கள் ஆண்டுக்கொரு முறை வெளியிட வேண்டும்; சட்டமன்ற உறுப்பினர்கள் அதை வைத்துக்கொண்டு அவையில் கேள்வி எழுப்ப வேண்டும்.