பெயரை மாற்றியாயிற்று; இனி மக்களைக் கேளுங்கள்

மாண்புமிகு அந்தமான் நிக்கோபார் துணைநிலை ஆளுநர் அவர்களுக்கு, சௌல்தாரியில் வாழும் தமிழ்க் குடிமகனின் வணக்கம்.

2018-இல் ராஸ், நீல், ஹாவ்லாக் தீவுகள் புதுப்பெயர் பெற்றன. 2024 செப்டம்பரில் போர்ட் பிளேர் ஸ்ரீ விஜயபுரம் ஆனது. 1789-இல் இங்கே குடியேற்றம் அமைத்த ஆர்ச்சிபால்டு பிளேரின் பெயர் நம் தலைநகருக்கு வேண்டாம் என்பதில் எனக்கும் உடன்பாடே.

ஆனால் ஐயா, வெள்ளையர் ஆட்சி செய்த பெருங்கொடுமை பெயர் சூட்டியதன்று. குடிகளைக் கேட்காமல் அவர்கள் நிலத்தின் கதியை முடிவு செய்தது. 1858-இல் கைதிக் குடியேற்றம் வந்தது. காடு அழிந்தது, தட்டம்மை முதலிய நோய்கள் பரவின. ஆயிரக்கணக்கில் இருந்த பெரிய அந்தமானியப் பழங்குடியினர் 1901-இல் 625 பேர். 1961-இல் 19 பேர். நாங்கள் வீடு கட்டி வாழும் தெற்கு அந்தமானின் அக்கா-பியா இனம் அடியோடு மறைந்துவிட்டது.

அதே வழக்கம் பெரிய நிக்கோபாரில் தொடரக் கூடாது. கலாத்தியா விரிகுடாவில் துறைமுகம், அதனுடன் விமான நிலையம், மின்நிலையம், புதுநகரம் என வரும் திட்டத்துக்குச் சுமார் 130 சதுர கி.மீ. காடு ஒதுக்கப்படுகிறது. 2004 சுனாமியில் ஊரிழந்து, கேம்ப்பெல் பே பகுதியில் குடியமர்த்தப்பட்ட நிக்கோபாரி மக்கள், சொந்த ஊருக்குத் திரும்பவே கேட்டு வருகிறார்கள். அந்த ஊர்களும் திட்டத்துக்குள் வருவதை அறிந்ததும், 2022 ஆகஸ்டில் கொடுத்த தடையின்மைச் சான்றை நவம்பரில் அவர்களது பழங்குடிப் பேரவை திரும்பப் பெற்றது. அதே தீவின் காட்டில் வாழும், வெளியாரோடு அதிகம் பழகாத ஷோம்பென் மக்களின் சம்மதத்தை எந்தத் தாளில் எழுதி வாங்க முடியும்?

கேளாமல் எடுக்கும் முடிவின் வலி தமிழருக்குப் புதிதல்ல. 1964-இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இலங்கையின் மலையகத் தமிழரைக் கேட்காமலேயே அவர்களை இந்தியா, இலங்கை இரு நாடுகளுக்கும் பங்கிட்டது. தாயகம் திரும்பியவர்களில் சில குடும்பங்கள் நிக்கோபாரின் கச்சால் தீவு ரப்பர் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தன.

வளர்ச்சி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கடல் கொந்தளித்தால் கப்பல் நின்றுபோகும் தீவில் வாழ்பவர்களுக்குத் துறைமுகத்தின் அருமை தெரியும். அதன் பெயரால் இன்னோர் இனம் தன் நிலத்தை இழக்கக் கூடாது என்றே சொல்கிறேன்.

பேரவை திரும்பப் பெற்ற சம்மதத்தை மதியுங்கள். திட்ட விவரம் முழுவதையும் நிக்கோபாரி மொழியில் அவர்கள் முன் வையுங்கள். யோசிக்க அவகாசம் கொடுங்கள். 'வேண்டாம்' என்றால் அதை ஏற்றுக்கொள்ளுங்கள். சுனாமிக்கு முந்தைய ஊர்களுக்குத் திரும்ப வழிசெய்யுங்கள். ஷோம்பென்களின் காட்டைத் தொடாதீர்கள். காலனி ஆட்சி இத்தீவுகளில் உண்மையாக முடிந்துவிட்டது என்று அப்போதுதான் நாங்கள் நம்புவோம்.

இப்படிக்கு,
சௌல்தாரிவாசி ஒருவர்